கதவு கணினி அல்ல

நகரத்துச் சாக்கடைகள் அத்தனைக்கும் வரைபடம் வைத்திருக்கும் அலுவலகம் அது. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே திரும்பி எங்கே போய் முட்டி நிற்கிறது என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், தெரிய வேண்டும். அதன் இயக்குநருக்கு மட்டும் பார்வை எப்போதும் மேலேயே இருந்தது. 'தொலைநோக்கு' என்ற சொல் இல்லாமல் அவரால் ஒரு விடுப்பு விண்ணப்பத்தைக்கூட நிராகரிக்க முடியாது. ஊழியர்கள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அன்று தொலைநோக்கின் வாழ்வில் பெருநாள். புதிய கிளஸ்டரின் திறப்பு விழா. கிளஸ்டர் என்றால் வேறொன்றுமில்லை, தோளோடு தோள் சேர்த்து ஒரே பெயரில் வேலை செய்யும் மூன்று பெட்டிகள். ஒன்று மயங்கி விழுந்தால் அதன் வேலையை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். கோப்பைத் திறந்து வைத்திருப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. இதை விற்றவர் தொலைநோக்கின் மைத்துனர். டெண்டரில் வேறு யாரும் கலந்துகொள்ளவில்லை என்பதை அவர் தன் தரத்துக்குச் சான்றாகச் சொல்லிக்கொள்வார்.

அந்த மூன்று பெட்டிகளையும் உண்மையில் பூட்டி, மாட்டி, பழைய சர்வரில் இருந்த கோப்புகளையெல்லாம் அவற்றில் ஏற்றியவன் பஞ்சர். கணினிப் பிரிவில் இருக்கும் ஒரே ஆள். பதவிப் பெயர் இரண்டு வரிக்கு நீளும் என்பதால் யாரும் அதைச் சொல்வதில்லை. எது கிழிந்தாலும் ஒட்டுப் போட்டு ஓட வைப்பான் என்பதால் பஞ்சர் ஆனான். கோபித்துக்கொண்டதில்லை. கோபிக்க அவனுக்கு நேரமும் கிடையாது. அவன் நினைப்பெல்லாம் வேறு ஊரில் இருந்தது.

மனைவியும் மகளும் அந்த ஊரில் இருந்தார்கள். மனைவிக்கு அங்கே வேலை. பஞ்சர் மாதம் ஒருமுறை விருந்தாளி மாதிரிப் போய், மகளிடம் "எப்பப்பா திரும்பிப் போற?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு வருவான். அவள் கேட்பது ஆசையில் இல்லை, தன் கட்டில் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள. இப்போது அந்த ஊர்க் கிளையில் ஓர் இடம் காலியாகி, மேலிடம் பஞ்சரின் பெயரையும் ஒப்புக்கொண்டுவிட்டது. மாற்றல் உத்தரவில் தொலைநோக்கு ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அன்று அலுவலகம் மூடுவதற்குள் அது பதிவாகாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவனுக்கு அந்த இடம் போய்விடும். "விழா முடியட்டும் தம்பி" என்று தொலைநோக்கு காலையில் சொல்லியிருந்தார். பஞ்சர் பையைக் கட்டிக்கொண்டே வந்துவிட்டான். துணிமணி, மகளுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்த தன் சொந்த லேப்டாப், உத்தரவுத் தாள்.

விழாவுக்கு ரிப்பன் வெட்டுவது தொலைநோக்குக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் வெட்டுகிறார்கள். பழைய சர்வரை இன்னும் சில நாள் ஓடவிட்டுப் பிறகு நிறுத்தலாம் என்பதுதான் பஞ்சரின் திட்டம். காலையில் குளிக்கும்போது இயக்குநருக்கு வேறு யோசனை உதித்துவிட்டது. விருந்தினர் முன்னால் பழைய சர்வரை அணைத்து, அதன் டிஸ்க்குகளைக் கழற்றி, துளை போடும் இயந்திரத்தால் தன் கையாலேயே ஓட்டை போடுவது. பழமைக்கு விடை கொடுப்பதன் குறியீடாம். பஞ்சர் வாய் திறப்பதற்குள் துளை இயந்திரத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியாகிவிட்டது.

வாய் திறக்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அலுவலகத்தின் கதவுகள் எல்லாம் அட்டையைக் காட்டினால் திறப்பவை. யார் யாருக்குத் திறக்கலாம் என்ற பட்டியல் சர்வரில் இருந்தது. சர்வர் அறை இருக்கும் தளத்து நடையில், காவலர் மேசைக்கு அடியில் தூசி மூடிக் கிடக்கும் ஒரு கிழட்டுக் கணினி சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்வரைக் கூப்பிட்டு, பட்டியலைப் படித்து, கதவுகளுக்குச் சொல்லும். அந்தக் கிழத்துக்குத் தெரிந்தது பழைய காலத்துப் பாஷை ஒன்றுதான். புதிய பெட்டிகளோ அந்தப் பாஷையில் யார் கூப்பிட்டாலும் பாதுகாப்பு கருதிப் பதில் சொல்லாது. மைத்துனர் அப்படித்தான் அமைக்கச் சொல்லியிருந்தார். விளம்பரத் தாளிலும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். பஞ்சர் இதை விளக்கி இரண்டு தடவை எழுதிக் கொடுத்தான். தொலைநோக்கு தன் பச்சை மையால் ஓரத்தில் பதில் எழுதி அனுப்பினார்: "கதவு கணினி அல்ல."

அதைப் படித்தபின் பஞ்சரால் மேலே வாதாட முடியவில்லை. இயக்குநரே சொன்னபின் கதவு ஒருவேளை அடங்கி நடந்துகொள்ளும் என்று அவனும் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தான்.

துளை போட்டாயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். கிளஸ்டரை மூடியிருந்த சிவப்புத் துணியைத் தொலைநோக்கு உருவினார். பெட்டிகளில் ஒன்றின் மின்கம்பியைப் பிடுங்கிக் காட்டினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த சாக்கடை வரைபடம் கண் சிமிட்டாமல் ஓடியது. மறுபடி கை தட்டல். விருந்தினர்களும் பத்திரிகைக்காரர்களும் கீழே மண்டபத்துக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். பெட்டிகளோடு தனியாகப் படம் எடுத்துக்கொள்ள இயக்குநரும் மைத்துனரும் பின்தங்கினார்கள். படம் எடுக்கப் பஞ்சர் நின்றான். அவன் ஒரு கையில் கேமரா, மறு கையில் உத்தரவுத் தாள், தோளில் பை.

கதவு தானாக மூடிக்கொண்டது. படம் எடுத்து முடித்து, தொலைநோக்கு அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டுக் காட்டினார். சிவப்பு. மைத்துனர் தன் அட்டையைக் காட்டினார். பஞ்சர் காட்டினான். கதவு மூவரையும் வேறுபாடு பார்க்காமல் நடத்தியது. அந்த அலுவலகத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

"என்ன தம்பி இது?"

"பட்டியல் கிடைக்கல சார். பட்டியல் இல்லன்னா யாரையும் விடாதேன்னு வச்சிருக்கு."

"எவன் வச்சான் அப்படி?"

பஞ்சர் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதிலைக் கேட்டவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டான். உள்ளிருந்து வெளியே போகப் பச்சைப் பொத்தான் ஒன்று முன்பு எல்லாக் கதவிலும் இருந்தது. ஊழியர்கள் அதை அழுத்திக்கொண்டு கணக்கில்லாமல் தேநீருக்குப் போகிறார்கள் என்று பொத்தான்களைப் பிடுங்கச் சொன்னவரும், மின்சாரம் போனாலும் திறக்காத பூட்டு வேண்டுமென்று கேட்டு வாங்கியவரும், அவசரச் சாவியைத் தன் அறை மேசைக்குள் பத்திரமாக வைத்தவரும் ஒருவரே. அவருடைய அறைக்கும் அதே பூட்டுதான்.

கதவில் உள்ளங்கை அகலத்துக்குக் கம்பி பதித்த கண்ணாடி ஒன்று உண்டு. அதில் ஒரு முகம் தெரிந்தது. பணிப்பதிவு அக்கா. அலுவலகத்தில் எல்லாருடைய சேர்க்கை, விடுப்பு, மாற்றல், ஓய்வு அனைத்தையும் கணினியில் ஏற்றுபவள். தன் அறைக் கதவை மூடவிடாமல் எப்போதும் குப்பைத்தொட்டியை முட்டுக் கொடுத்து வைத்திருப்பவள். அதற்காக இரண்டு விளக்கக் கடிதம் கொடுத்தவள். காவலரும் விருந்தினரோடு கீழே போயிருந்ததால், இன்று கட்டடத்தின் அந்தத் தளத்தில் நடமாடக்கூடியவள் அவள் ஒருத்திதான். பஞ்சரின் உத்தரவு இன்னும் வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்திருந்தாள். கதவுக்கு வெளியே மாட்டியிருந்த உள் தொலைபேசியில் பேசினாள்.

"உள்ள என்ன, குரூப் போட்டோ இன்னும் முடியலையா?"

பஞ்சர் நிலைமையைச் சொன்னான். தீயணைப்புக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். தொலைநோக்கு பாய்ந்து தொலைபேசியைப் பிடுங்கினார். வாசலில் சிவப்பு வண்டி வந்து நின்றால் கீழே இருக்கும் பத்திரிகைக்காரர்கள் கேமராவை எங்கே திருப்புவார்கள் என்பது அவருக்குத் தெரியும். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார். அக்கா, "நான் எங்க சார் விடறேன், நீங்க உள்ள மூச்சு விட்டுக்குங்க" என்றாள்.

சர்வர் அறையின் குளிர் கணினிகளுக்கென்று வைத்தது. முதலில் மைத்துனருக்குத் தும்மல் வந்தது. அடுத்து தொலைநோக்கு கைகளைக் கட்டிக்கொண்டார், பிறகு கக்கத்தில் சொருகிக்கொண்டார், கடைசியில் கிளஸ்டரிலிருந்து உருவிய சிவப்புத் துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். குளிர்சாதனத்தை நிறுத்தலாமே என்றார் மைத்துனர். நிறுத்தினால் பெட்டிகள் சூடேறித் தாமாக அணைந்துவிடும் என்றான் பஞ்சர். மூன்றும் சேர்ந்து அணைந்தால் எது எதைத் தாங்கும் என்று மைத்துனர் விளம்பரத் தாளில் போடவில்லை.

"மாப்பிள்ளை, உன்னால திறக்க முடியாதா? நீதானே வித்தே."

"மாமா, நான் வித்தது தொழில்நுட்பம். கதவு என் ஸ்கோப்லயே வராது."

பஞ்சருக்கு வழி தெரிந்திருந்தது. சிவப்பு விளக்கை முதல் தடவை பார்த்தபோதே தெரிந்தது. அவன் லேப்டாப்புக்குப் பழைய பாஷையும் தெரியும், புதிய பாஷையும் தெரியும். அதைக் கிளஸ்டரோடு இணைத்து, பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, செத்துப்போன சர்வரின் பெயரையும் முகவரியையும் லேப்டாப்புக்குச் சூட்டிவிட்டால் போதும். கிழட்டுக் கணினி வழக்கம்போல் தன் பழைய நண்பனைக் கூப்பிடும். லேப்டாப் பதில் சொல்லும். ஆள் மாறியதே அதற்குத் தெரியாது.

அவன் தயங்கியது வேறு காரணத்துக்காக. இந்த அலுவலகத்தில் தற்காலிகம் என்று அவன் போட்ட ஒட்டு எதையும் யாரும் இதுவரை பிரித்ததில்லை. பையின் ஜிப்பில் கை வைத்தபடி யோசித்தான். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, பேரம் பேசினான்.

"சார், வழி இருக்கு. அதுக்கு முன்னாடி அந்த ஆர்டர்ல ஒரு கையெழுத்து."

"இந்த நேரத்துலயா? நான் இங்க விறைச்சுக்கிட்டிருக்கேன்!"

"விறைச்ச கையால கையெழுத்து மாறிடும் சார். இப்பவே போட்டுடறது நல்லது."

தொலைநோக்கு அவனைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். பிறகு மைத்துனரைக் குனியச் சொல்லி, அவர் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பச்சை மை. மைத்துனர் நடுவில் தும்மியதில் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் மேலே போயிற்று. பஞ்சர் தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினான். வெளியே அக்கா குனிந்து எடுத்துக்கொண்டாள். கண்ணாடியில் கட்டைவிரல் தெரிந்தது.

அதன்பின் அவன் கை பறந்தது. லேப்டாப்பைத் திறந்து, கம்பியைச் செருகி, செத்தவரின் பெயரைச் சூட்டினான். அக்காவைக் காவலர் மேசைக்கு அனுப்பி, அடியில் இருக்கும் கணினியை அணைத்து மறுபடி போடச் சொன்னான். எந்தப் பொத்தான் என்று அவள் தொலைபேசியில் கேட்டாள். மேலே ஒட்டடை குறைவாக இருப்பது என்றான். கிழம் எழுந்து, தொண்டையைச் செருமி, நண்பனைக் கூப்பிட்டது. லேப்டாப்பின் திரையில் ஒரு வரி ஓடியது. கதவில் பச்சை விளக்கு.

தொலைநோக்கு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். சிவப்புத் துணியைக் கழற்ற மறந்து அப்படியே மண்டபத்துக்குப் போனார். அவர் அங்கே பேசியதை அக்கா பிறகு சொல்லித்தான் பஞ்சருக்குத் தெரியும். புதிய அமைப்பின் பாதுகாப்பைத் தாமே உள்ளே இருந்து நேரடியாகச் சோதித்துப் பார்த்ததாகவும், ஓர் இயக்குநரையே வெளியே விடாத அமைப்பு எந்தத் திருடனை உள்ளே விடும் என்றும் கேட்டாராம். மண்டபம் அதிர்ந்ததாம். சிவப்புத் துணியும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்து ஒரு விருந்தினர் அதைத் தொட்டுப் பார்த்தாராம்.

அக்காவின் அறையில் வேறு கதை. அவளுடைய கணினியும் பழசு. காலையில் டிஸ்க்கில் ஓட்டை விழுந்ததிலிருந்து பணிப்பதிவு ஃபோல்டர் திறக்கவில்லை. புதியது கேட்டு எத்தனை தடவை எழுதினாள் என்பதற்கு அவளிடம் நகல்கள் உண்டு. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பஞ்சர் ஓடி வந்தான். அதிகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. சர்வர் அறையில் விட்டு வந்த லேப்டாப்புக்கு ஓடிப்போய்ப் பணிப்பதிவு ஃபோல்டரையும் அதன் வழியாகக் காட்டினான், அக்காவின் கணினி தானாகவே பழைய பெயரைக் கூப்பிட்டது, திறந்தது. பக்கத்து அறைகளிலிருந்தும் குரல்கள் வந்தன. வரைவாளர்களுடைய பழைய கணினிகளும் அதே பெயரைத்தான் காலையிலிருந்து கூப்பிட்டுக் கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் அவன் அதே வழியைத் திறந்துவிட்டான். "பஞ்சர், வந்துடுச்சு" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அன்றைக்குப் பிரிந்து போகிறவனுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

அக்கா ஒற்றை விரலால் உத்தரவைத் தட்டிக்கொண்டிருந்தபோது தொலைநோக்கும் மைத்துனரும் வந்தார்கள். மண்டபத்துக் கைத்தட்டல் இன்னும் தொலைநோக்கின் முகத்தில் இருந்தது. முதலில் குப்பைத்தொட்டியைப் பார்த்தார். இன்றிலிருந்து ஒரு கதவுக்கும் முட்டுக் கூடாது என்று அதைத் தன் காலாலேயே உள்ளே தள்ளினார். அடுத்து உத்தரவை எடுத்தார். மைத்துனர் அவர் காதோரம் குனிந்தார். ரகசியம் என்ற நினைப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி பேசுகிறவர் அவர்.

"மாமா, இப்ப கதவெல்லாம் அவனோட லேப்டாப்லதான் நிக்குது. அவன் எடுத்துட்டுப் போனா நாளைக்கு மறுபடி நாம உள்ள."

தொலைநோக்கின் கை தானாகவே கக்கத்துக்குப் போயிற்று. அந்தக் குளிர் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். லேப்டாப்பை வேண்டுமானால் விட்டுவிட்டுப் போகிறேன் என்றான் பஞ்சர். சொல்லும்போது மகளின் முகம் வந்தது. அடுத்த மாதச் சம்பளத்தில் வேறொன்று பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டான். லேப்டாப் நின்றுபோனால் அதை மறுபடி ஓட வைக்க யாருக்குத் தெரியும் என்று தொலைநோக்கு கேட்டார். மைத்துனர் சன்னலைப் பார்த்தார். அதுதான் பதில்.

"தம்பி, நான் குடுத்த வாக்கை மீற மாட்டேன். கையெழுத்து கையெழுத்துதான்" என்று சொல்லியபடியே தொலைநோக்கு பேனாவைத் திறந்தார். கையெழுத்துக்குக் கீழே, பச்சை மையில், நிதானமாக ஒரு வரி சேர்த்தார்.

"மாற்று ஏற்பாடு செய்யப்பட்டவுடன் விடுவிக்கப்படுவார்."

மாற்று ஏற்பாட்டுக்கு மைத்துனரிடம் மதிப்பீடு கேட்கப்படும். மதிப்பீட்டைப் பார்க்கக் குழு அமைக்கப்படும். குழுவை யார் அமைப்பது என்று மேலிடத்துக்கு எழுதப்படும். இதையெல்லாம் தொலைநோக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அக்கா உத்தரவையும் வரியையும் சேர்த்தே பதிந்தாள். மணி அடிப்பதற்குள் முடிந்தது. திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"தம்பி, அங்க அந்த இடம் இப்ப உன்னோடது. இனி வேற யாராலயும் அதைத் தொட முடியாது."

"இங்க?"

"இங்க நீ இன்னும் விடுவிக்கப்படல. ஆக ரெண்டு ஊர்லயும் நீ இருக்கே. சம்பளம் மட்டும் ஒண்ணுதான்."

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. தங்கள் ஓய்வு வரைக்கும் அந்த வரிக்குக் கீழே தேங்கிக் கிடந்தவர்கள் சிலருடைய பெயர்களை அவளே பதிந்திருக்கிறாள். அன்றைய சேமிப்பு முடியக் கொஞ்ச நேரம் ஆகும், நீ கிளம்பு என்றாள்.

பஞ்சர் கிளம்பவில்லை. சர்வர் அறைக்குப் போனான். அட்டையைக் காட்டினான், பச்சை. உள்ளே போனதும் கதவு பின்னால் மூடிக்கொண்டது. மூன்று பெட்டிகளும் ஒரே மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அவற்றின் காலடியில், தரையில், மகளின் லேப்டாப். மூடியில் அவள் போன விடுமுறையில் ஒட்டிய பூனை ஸ்டிக்கர். யாரோ அதன்மேல் துளை இயந்திரத்தின் சிவப்பு ரிப்பனைக் கட்டி, 'தொடாதே' என்று ஒரு சீட்டும் சொருகியிருந்தார்கள். பச்சை மை.

குனிந்து கம்பியைப் பிடித்தான். பிடுங்கிவிட்டால் கிழம் அடுத்த தடவை கூப்பிடும் வரைக்கும் கதவுகள் திறக்கும். அதற்குள் போய்விடலாமா என்று கணக்குப் போட்டான். இந்தக் கதவு, நடைக்கதவு, மாடிக்கதவு, வாசல். வாசலுக்கு முந்தி மாட்டிக்கொள்வான் என்றுதான் தோன்றியது. ஓடினால் ஒருவேளை முடியும். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓர் அரசாங்க ஊழியன் ஓடினால்.

கண்ணாடி வழியே நடையின் எதிர்ப்புறம் தெரிந்தது. அக்காவின் அறைக் கதவு மூடியிருந்தது. முட்டுக் கொடுக்கும் தொட்டி உள்ளே கிடந்தது. கதவின் கீழ் இடுக்கில் விளக்கு வெளிச்சம். அவள் இன்னும் உள்ளே உட்கார்ந்து, அவனுடைய உத்தரவைச் சேமித்துக்கொண்டிருந்தாள்.

கம்பியை விட்டுவிட்டான்.

கைபேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, ஆர்டர் வந்துச்சா?"

"வந்துடுச்சு. பதிவும் ஆயிடுச்சு."

அந்தப் பக்கம் அவள் மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, அப்பாவுக்கு ஆர்டர் வந்துடுச்சாம்" என்று சொல்வது கேட்டது. கட்டிலில் யாரோ குதிக்கும் சத்தம். பிறகு மனைவி மறுபடி தொலைபேசிக்கு வந்தாள்.

"அப்ப நீங்க எப்ப வர்றீங்க?"

லேப்டாப் திரை அணையப் பார்த்தது. பஞ்சர் குனிந்து ஒரு விசையைத் தட்டி அதை எழுப்பிவிட்டு, காத்திருக்கச் சொல்ல வாயைத் திறந்தான்.